ஓடிபி வரவில்லையா, வந்தும் ஏற்கவில்லையா? எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம்

கணக்குக்குள் நுழைய முடியாத பதற்றத்தில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஒன்றைப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் பழைய டேப்லெட், அலுவலகக் கணினி, பிள்ளையின் லேப்டாப் என்று எங்கேயாவது அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறதா? இருந்தால் அதில் லாக் அவுட் செய்யாதீர்கள், நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதை பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் குக்கீயை அழிக்காதீர்கள், "எதற்கும் ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பார்ப்போம்" என்று போனைத் துடைத்து வைக்காதீர்கள். என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களில் பலர், திறந்திருந்த அந்த ஒரே கதவையும் தாங்களே சாத்திவிட்டுத்தான் வருகிறார்கள். உள்ளே இருக்கும் அந்த ஒரு கருவியிலிருந்து, பல தளங்களில், கடவுச்சொல்லை மட்டும் மறுபடி போட்டு புது நம்பரையோ புது செயலியையோ சேர்த்துவிடலாம். அது முடிந்தால் கீழே உள்ள எதுவுமே உங்களுக்குத் தேவைப்படாது.

இரண்டாவது, திரையில் என்ன கேட்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். ஆறு இலக்கம் என்றாலே எஸ்எம்எஸ் என்று பழகிவிட்டோம். திரையில் "உங்கள் ஆத்தென்டிகேட்டர் செயலியில் உள்ள எண்ணை இடுங்கள்" என்று எழுதியிருக்கும், நாம் பத்து நிமிடமாக மெசேஜ் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்போம். டெலிகிராமில் இது இன்னும் வேடிக்கை. நீங்கள் வேறொரு கருவியில் ஏற்கெனவே உள்ளே இருந்தால், அது அந்த எண்ணை, அதாவது கோடை (code), முதலில் அந்தக் கருவியின் டெலிகிராமுக்குள்ளேயே ஒரு மெசேஜாக அனுப்பும், எஸ்எம்எஸ்ஸில் அனுப்பாது. கோடு வரவில்லை என்று கொதித்துக்கொண்டிருப்பவரின் கணினியில் அது அப்போதே வந்து உட்கார்ந்திருக்கும்.

சரி, இனி அறிகுறிக்கு வருவோம்.

"எஸ்எம்எஸ் வரவே இல்லை"

திரையில் உங்கள் நம்பரின் கடைசி இரண்டு அல்லது மூன்று இலக்கங்களைக் காட்டும். அது இப்போது கையில் இருக்கும் நம்பர்தானா? சிரிக்காதீர்கள், நான் பார்த்ததில் நிறைய பேருக்கு இங்கேதான் விஷயம் முடிந்துவிடுகிறது. 2016 வாக்கில் வாங்கிய ஏதோ ஒரு சிம், அதில் திறந்த மெயில், அப்புறம் அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டோம். இந்தியாவில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத, இருப்பும் இல்லாத ப்ரீபெய்ட் நம்பரை நிறுவனம் துண்டித்துவிடலாம், பிறகு அது வேறு யாருக்காவது போகும். அதாவது உங்கள் ஓடிபி இப்போது முன்பின் தெரியாத ஒருவரின் போனில் விழுந்துகொண்டிருக்கலாம். அவரைத் தேடிப் போய்க் கேட்பது தீர்வு ஆகாது. "வேறு வழியில் முயல்க" என்பதை அழுத்தி, போன் தொலைந்தவர்களுக்கு நான் சொல்லும் வழிக்கு, கீழே மூன்றாவதாக இருப்பதற்குப் போங்கள்.

நம்பர் சரி, சிம்மும் போனில்தான் இருக்கிறது என்றால், அந்த சிம்முக்கு வேலிடிட்டி இருக்கிறதா? இரண்டாவது சிம்மை "இன்கமிங் மட்டும் போதும்" என்று வைத்திருப்பவர்கள், பேக் முடிந்த சில நாளில் அந்த இன்கமிங்கும் நின்றுபோகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வேறொரு போனிலிருந்து அந்த நம்பருக்கு ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள், வாட்ஸ்அப் அல்ல, எஸ்எம்எஸ். அது வரவில்லை என்றால் தளத்தின் மேல் பழி போட வேண்டாம், பிரச்சினை சிம்மிலோ நெட்வொர்க்கிலோ இருக்கிறது.

நேற்றுதான் சிம் மாற்றினீர்களா? தொலைந்த சிம்முக்கு டூப்ளிகேட் வாங்கினாலும், இ-சிம்முக்கு மாறினாலும், இந்தியாவில் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடிக்காரன் உங்கள் பெயரில் சிம் எடுத்து உடனே வங்கி ஓடிபியைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் தடை. கால் போகிறது, இன்டர்நெட் ஓடுகிறது, எஸ்எம்எஸ் மட்டும் இல்லை என்றால் இதுதான் காரணம். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, ஒரு நாள் பொறுங்கள்.

அடுத்து மெசேஜ் செயலியின் ஸ்பேம் பெட்டி. கடன் தருகிறோம், வீட்டு மனை வாங்குங்கள் என்று வரும் தொல்லையில் ஒரு நாள் கடுப்பாகிக் கண்ணில் பட்டதையெல்லாம் பிளாக் செய்திருப்போம், அதில் உருப்படியான ஓர் அனுப்புநரும் மாட்டியிருப்பார். பிளாக் பட்டியலைத் திறந்து பார்த்தால் தெரியும். போனில் இடம் முழுக்க நிரம்பிவிட்டாலும் எஸ்எம்எஸ் உள்ளே வராமல் போகலாம். விளம்பர அழைப்பும் மெசேஜும் வேண்டாம் என்று பதிவு செய்யும் டிஎன்டி போட்டதால் ஓடிபி வரவில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது தவறு. டிஎன்டி விளம்பரத்தைத்தான் நிறுத்தும்.

சில நாள் தவறு நம் பக்கமே இருக்காது. 2021 மார்ச் 8-ஆம் தேதி நாடு முழுக்க ஓடிபிகள் வராமல் போனது ஞாபகம் இருக்கலாம். நிறுவனங்கள் தங்கள் எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், பதிவுக்குப் பொருந்தாததை வடிகட்டிவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் போட்ட விதி அன்று நடைமுறைக்கு வந்தது. பதிவை ஒழுங்காகச் செய்யாத நிறுவனங்களின் மெசேஜெல்லாம் வடிகட்டியில் மாட்டிக்கொண்டன. அப்புறம் ட்ராயே அதை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தது. அப்படிப்பட்ட நாளில் நீங்கள் போனை எத்தனை முறை ஆன், ஆஃப் செய்தாலும் ஒன்றும் ஆகாது.

கடைசியாக, அந்த "மறுபடி அனுப்பு" பொத்தான். அதைக் கோயில் மணி மாதிரி அடிக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் முந்தைய கோடு செத்துவிடும். நான்கு முறை அழுத்திவிட்டு, தாமதமாக வந்த முதல் கோடை இட்டுவிட்டு, "வந்ததும் வேலை செய்யவில்லை" என்பார்கள். அதிகமாக அழுத்தினால் தளமே சில மணி நேரத்துக்குப் பூட்டிவிடும். ஏர்பிளேன் மோடை ஒரு தடவை போட்டு எடுத்துவிட்டு, ஒரே ஒரு முறை கேட்டு, இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். போன் காலில் கோடு சொல்லும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் உங்கள் போனில் கால் ஃபார்வர்டிங் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு. கூரியர்காரர் மாதிரி பேசி ஏதோ ஒரு நட்சத்திரக் குறி எண்ணை டயல் செய்ய வைத்து, உங்களுக்கு வரும் அழைப்புகளையெல்லாம் தன் நம்பருக்குத் திருப்பிக்கொள்ளும் மோசடி ஒன்று உண்டு.

எக்ஸ் தளத்தில் எஸ்எம்எஸ் என்ற விருப்பமே இல்லையே என்று தேடுபவர்களுக்கு: 2023 மார்ச்சிலிருந்து அது பணம் கட்டுபவர்களுக்கு மட்டும்தான். செயலிக்கு மாறிவிடுங்கள், அதுவே நல்லது.

இதில் ஒன்று மட்டும் அவசரம். நீங்கள் எதுவும் செய்யாமலே போனில் சிக்னல் முழுவதுமாகப் போய், பக்கத்திலிருப்பவருக்கு அதே நெட்வொர்க் நன்றாக வேலை செய்தால், உங்கள் நம்பரில் வேறு யாரோ சிம் எடுத்திருக்கலாம். உடனே வேறு போனிலிருந்து நெட்வொர்க் நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்கச் சொல்லுங்கள், அடுத்த அழைப்பு வங்கிக்கு.

"செயலி காட்டும் எண்ணைத்தான் போடுகிறேன், தவறு என்கிறது"

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் தொண்ணூறு விழுக்காடு கடிகாரம்தான் குற்றவாளி என்று பார்த்த உடனேயே பந்தயம் கட்டலாம்.

கூகுள் ஆத்தென்டிகேட்டர் மாதிரி செயலிகளுக்கு அந்த எண் எங்கிருந்தும் வருவதில்லை. விமானத்தில் பறக்கும்போதும் அது எண் காட்டும். முதல் நாள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தீர்கள் அல்லவா, அப்போது ஒரு ரகசியச் சாவி உங்கள் போனுக்கு வந்தது, அதன் நகல் தளத்திடமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகின்றன, வரும் விடைதான் ஆறு இலக்கம். 30 விநாடிக்கு ஒரு முறை விடை மாறும். நேரம் ஒன்றாக இருந்தால்தான் விடை ஒன்றாக இருக்கும், உங்கள் போன் மூன்று நிமிடம் முந்திப் போனால் நீங்கள் போடுவது எதிர்காலத்தின் கோடு.

போன் செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய் "தானாக அமை" என்பதை ஆன் செய்யுங்கள். நேர மண்டலத்தையும் தானாகவே விடுங்கள். யார் இதை ஆஃப் செய்வார்கள் என்று கேட்காதீர்கள். விளையாட்டில் உயிர் தீர்ந்துவிட்டது என்று கடிகாரத்தை முன்னால் தள்ளி உயிர் வாங்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

நேர மண்டலத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. துபாயிலிருந்து ஊருக்கு வருகிறார் ஒருவர், போன் இன்னும் துபாய் நேரத்தையே காட்டுகிறது. அப்படியே விட்டிருந்தால் கோடு சரியாகத்தான் வந்திருக்கும், ஏனென்றால் செயலி பார்ப்பது உலகப் பொது நேரத்தை, ஊர் நேரத்தை அல்ல. ஆனால் அவர் என்ன செய்கிறார், மண்டலத்தை மாற்றாமல், கையால் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் நகர்த்தி ஊர் நேரமாக்கிவிடுகிறார். பார்க்க எல்லாம் சரி, சுவர்க் கடிகாரமும் போனும் ஒன்றையே காட்டுகின்றன, கோடு மட்டும் எதிலும் ஏறவில்லை. பார்வைக்கு நேரம் சரியாகத் தெரிகிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், மண்டலத்தையும் பாருங்கள்.

கடிகாரம் சரி என்றால் அடுத்த சந்தேகம், ஒரே பெயரில் இரண்டு பதிவுகள். கடவுச்சொல்லுக்குப் பிறகு கோடும் கேட்கும் இந்த இரண்டடுக்குப் பாதுகாப்பை ஒரு முறை ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் புதுச் சாவி வரும், பழைய பதிவு செயலியில் அப்படியே கிடக்கும். செத்த பதிவும் 30 விநாடிக்கு ஒரு முறை ஜோராக எண் காட்டிக்கொண்டேதான் இருக்கும், அதற்குத் தான் செத்தது தெரியாது. இரண்டையும் முயன்று பார்த்து, வேலை செய்வதற்கு ஒரு பெயர் வையுங்கள். மற்றதை அன்றைக்கே அழித்துவிடாதீர்கள், ஒரு வாரம் கழித்து அழியுங்கள்.

அப்புறம் எண்ணுக்குப் பக்கத்தில் நேரம் காட்டும் வட்டம் சுருங்கி முடியப்போகும் நேரத்தில் அவசரமாகத் தட்டாதீர்கள். அடுத்த எண் வரட்டும்.

"போன் போய்விட்டது, மாறிவிட்டது, ரீசெட் ஆகிவிட்டது"

இதில் நான் அனுபவஸ்தன். சில வருடங்களுக்கு முன் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். படங்கள், தொடர்பு எண்கள், செயலிகள் எல்லாம் புதுப் போனுக்கு அழகாக வந்துவிட்டன, ஆத்தென்டிகேட்டரின் ஐகான்கூட வந்தது. அந்தத் தெம்பில் பழையதைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்துப் புதுப் போனில் அந்தச் செயலியைத் திறந்தால் உள்ளே வெள்ளைத் திரை. ஐகான் வந்திருந்தது, சாவிகள் வரவில்லை. மற்ற கணக்குகளையெல்லாம் எப்படியோ மீட்டேன், ஒன்றுக்கு மட்டும் அடையாள அட்டை, பழைய ரசீதுகள் என்று கேட்டுக் கேட்டுப் பதினோரு நாள் இழுத்தடித்தார்கள். கோபம் வந்தது, ஆனால் யார் கேட்டாலும் உடனே திறந்து கொடுக்கிற இடமாக இருந்திருந்தால் அந்தப் பூட்டுக்கே அர்த்தமில்லை.

முதலில் தேட வேண்டியது பேக்கப் கோடுகள். பாதுகாப்பை ஆன் செய்த அன்று ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள், நாம் "அடுத்து" என்று தள்ளியிருப்போம். கூகுளில் அது பத்து கோடுகள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். டவுன்லோட் ஃபோல்டரில் தேடுங்கள், கேலரியில் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா பாருங்கள், பிரிண்ட் எடுத்த ஞாபகம் இருந்தால் பத்திரங்கள் வைத்திருக்கும் ஃபைலைப் புரட்டுங்கள். நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் 16 கோடுகள் தருகிறது, அவற்றையும் மற்ற வழிகளையும் தொலைத்துவிட்டால் அங்கே உதவி மையத்தாரும் திறந்து கொடுக்க மாட்டார்கள். நிரல் எழுதுபவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு இப்போதே போய்ச் சரிபார்த்து வரலாம், நான் காத்திருக்கிறேன்.

2023 ஏப்ரலிலிருந்து கூகுள் ஆத்தென்டிகேட்டர் சாவிகளை உங்கள் கூகுள் கணக்கிலேயே சேமித்து வைக்கும் வசதியுடன் வருகிறது. புதுப் போனில் செயலியைப் போட்டு அதே கூகுள் கணக்கில் நுழைந்தால், முன்பு ஒத்திசைவு ஆன் ஆகியிருந்தால், பதிவுகள் எல்லாம் வந்து நிற்கும். இதில் உள்ள பொறி, அந்தக் கூகுள் கணக்கில் நுழையவே அதே செயலியின் கோடுதான் வேண்டும் என்று வைத்திருப்பது. பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை. கூகுள் கணக்குக்கு மட்டுமாவது வேறொரு வழி இருக்கட்டும்.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால் கணக்கு மீட்புப் பக்கம்தான். கூகுளில் அதை வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியிலிருந்து, வழக்கமான வீட்டு வைஃபையிலிருந்து, வழக்கமான பிரவுசரில் செய்யுங்கள், இதெல்லாம் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் விஷயம். அவசரத்தில் நண்பன் வீட்டு லேப்டாப்பிலிருந்து முயல்வது வாய்ப்பைக் குறைக்கும். பழைய கடவுச்சொல் கேட்டால், ஞாபகமிருக்கும் வரையில் ஏதாவது பதில் கொடுங்கள், தாண்டிப் போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் எல்லாச் சரிபார்ப்பு வழிகளையும் மாற்றக் கேட்டால் 30 நாள் காத்திருக்க வைக்கும். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க பின் மறந்து, மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் ஏழு நாள். ஆப்பிள்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி, அதே கணக்கில் இருக்கும் ஐபேடோ மேக்கோ கையில் இருந்தால், இன்டர்நெட் இல்லாமலேகூட அதன் செட்டிங்ஸில் சரிபார்ப்புக் கோடை வரவழைக்கலாம்.

இந்தத் தவிப்பில் ஒரு பொறியில் விழாதீர்கள். "கணக்கை மீட்டுத் தருகிறேன், இரண்டாயிரம் அனுப்புங்கள்" என்பவர்கள் சமூக வலைதளங்களில் உடனே மோப்பம் பிடித்து வருவார்கள். அவர்களில் யாராலும் எதையும் மீட்க முடியாது.

"நான் எதுவும் செய்யவில்லை, ஆனால் கோடு வருகிறது, 'ஆம்' கேட்கிறது"

உங்கள் கடவுச்சொல் யாரிடமோ போயிருக்கலாம், இரண்டாவது பூட்டு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். "இல்லை" என்று அழுத்திவிட்டு, மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாமல் நீங்களாகத் தளத்துக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

நடுராத்திரி இருபது முப்பது தடவை கேட்டால் தொல்லை தாங்காமல் "ஆம்" போட்டுவிடத் தோன்றும். உள்ளே நுழையப் பார்ப்பவன் அதற்காகத்தான் கேட்கிறான். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் நுழைந்தவன் இதைத்தான் செய்தான், ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்கு அனுமதி கேட்டு அனுப்பிக்கொண்டே இருந்து, கடைசியில் வாட்ஸ்அப்பில் நான் ஐடி பிரிவுதான் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தான்.

வாட்ஸ்அப் கோடு மட்டும் தானாக வந்து, கூடவே தெரிந்த ஒருவர் "தவறுதலாக உங்களுக்கு ஒரு கோடு வந்துவிட்டது, அனுப்புங்களேன்" என்றால், அந்தத் தெரிந்தவரின் கணக்கு ஏற்கெனவே போய்விட்டது. அவருக்கு நேரடியாக போன் செய்து சொல்லுங்கள். நீங்களே அனுப்பித் தொலைத்திருந்தால் உடனே உங்கள் நம்பரை வாட்ஸ்அப்பில் மறுபடி பதிவு செய்து எஸ்எம்எஸ் கோடைப் போடுங்கள், அந்த நொடியே உங்கள் கணக்கைப் பிடித்தவன் வெளியே போய்விடுவான். அவன் ஒரு பின் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே வர ஏழு நாள் ஆகும், ஆனால் அந்த ஏழு நாளும் அவனாலும் உங்கள் பெயரில் பணம் கேட்க முடியாது.

"பிரவுசரில் நுழைகிறது, மெயில் செயலியில் மட்டும் கடவுச்சொல் தவறு என்கிறது"

பழைய மெயில் மென்பொருள்கள், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பிரிண்டர்கள், இவற்றுக்கெல்லாம் இரண்டாவது கேள்வி கேட்கத் தெரியாது. கூகுளில் இதற்காகவே 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கிக் கொடுக்கலாம், அதை வழக்கமான கடவுச்சொல் இடத்தில் போட வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் இவை எல்லாம் ரத்தாகிவிடும், அதனால்தான் நேற்று வரை ஓடிய பிரிண்டர் இன்று முரண்டு பிடிக்கிறது.

"ஒவ்வொரு தடவையும் கேட்கிறது"

மறைநிலைத் தாவலில் (இன்காக்னிட்டோ) திறக்கிறீர்கள், அல்லது மூடும்போது குக்கீயை அழிக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள், அல்லது விபிஎன் போட்டிருக்கிறீர்கள். சொந்தக் கணினி என்றால் "இந்தச் சாதனத்தில் மறுபடி கேட்காதே" என்பதை டிக் செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் வேண்டாம்.

"எல்லாம் போட்டிருந்தேன், அப்படியும் கணக்கு போய்விட்டது"

போகும். ஆறு இலக்கக் கோடை நீங்களே போலித் தளத்தில் தட்டினால், அந்தத் தளத்தை நடத்தும் மோசடிக்காரன் அதே 30 விநாடிக்குள் உண்மையான தளத்தில் போட்டுவிடுவான். கடவுச்சொல்லுக்குப் பதிலாக கைரேகையோ போன் பூட்டோ கொண்டு நுழையும் பாஸ்கீயில் இந்த வித்தை பலிக்காது, அது தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, முகவரி ஓர் எழுத்து மாறினாலும் வேலை செய்யாது. இன்னொரு வழி, கிராக் செய்த மென்பொருளிலோ மெயில் இணைப்பிலோ வந்த நிரல் பிரவுசரில் இருக்கும் லாகின் குக்கீயை அப்படியே தூக்கிக்கொண்டு போவது. உள்ளே வந்துவிட்டவனிடம் யாரும் மறுபடி சாவி கேட்பதில்லை. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனலே இப்படித்தான் கைமாறியது, கணினியைப் பற்றியே பேசும் சேனல் அது.

வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள். வைரஸ் இருக்கும் கணினியிலிருந்தே மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் அவனுக்குத்தான் போகும். மீட்பு நம்பரை அவன் மாற்றியிருந்தால் மனம் தளர வேண்டாம், கூகுளில் பழைய மீட்பு நம்பரோ மெயிலோ ஏழு நாள் வரை பயன்படலாம், ஆனால் அந்த ஏழு நாளை யோசித்தே கழித்துவிடாதீர்கள். பணம் போயிருந்தால் முதலில் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

உள்ளே வந்த பிறகு நாலு இடங்களைத் துருவிப் பாருங்கள். அவன் தன் ஆத்தென்டிகேட்டரையோ பாஸ்கீயையோ சேர்த்திருக்கிறானா, செயலிக் கடவுச்சொல் ஏதும் புதிதாக இருக்கிறதா, நீங்கள் அனுமதித்த ஞாபகமே இல்லாத வெளிச் செயலி ஒட்டியிருக்கிறதா. நாலாவது, யாரும் பார்க்காதது, மெயிலின் ஃபில்டரும் ஃபார்வர்டிங்கும். வங்கி என்ற சொல் வரும் மெயிலையெல்லாம் தனக்கு அனுப்பிவிட்டு உங்கள் பெட்டியிலிருந்து அழிக்கும்படி ஒரு சின்ன விதியை எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான், நீங்கள் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும்.